பிரம்மதேசம் எவ்வளவு நேரம்

சென்னையிலிருந்து துபாய்க்கு எவ்வளவு தூரம், விமானத்தில் போக எவ்வளவு நேரம் என்று இப்போது செல்போனில் தட்டினால் போதும். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் நான்கு மணி நேரம் என்று உடனே பதில் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக அப்படித் தட்டிப் பார்ப்பதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கோடையில் இந்த ஒரு பதிலை எங்கள் வீட்டில் ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், என் அப்பாவைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பதில் தெரிந்தவர் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தார். மூன்று வேளையும் என் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில், கூனிமேட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிற ஒரு தெருவில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமியார் உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் அதே உப்பளத்தில்தான் வேலை செய்தார். கல்யாணமான மூன்றாம் மாதம், கடல் பொங்கி வந்ததே, அதே வருஷக் கோடையில், துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். எனக்கும் அந்த வீட்டுக்கும் பழக்கமாவதற்குள் அவர் போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவரை வழியனுப்ப மாமியார் மீனம்பாக்கம் வரை போனார். நான் போகவில்லை. புது மருமகள் வாசலில் நின்று வழியனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். காலை ஒன்பதரைக்கு விமானம். வெளியே கம்பி வேலியைப் பிடித்தபடி நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டு, இதுதான் துபாய் விமானம் என்று யாரோ காட்டியதைக் கண் மறையும் வரை பார்த்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் எதிர் வீட்டு போனுக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். மாமியார்தான் ஓடிப் போய் எடுத்தார். "பன்னெண்டு மணிக்கெல்லாம் எறங்கிட்டேம்மா, இப்பதான் ரூமுக்கு வந்தேன்" என்று அவர் சொன்னது தெருவுக்கே செய்தியாகிவிட்டது.

அவ்வளவுதான். ஒன்பதரைக்கு ஏறினான், பன்னிரண்டுக்கு இறங்கினான். இரண்டரை மணி நேரம். அடுத்த இரண்டு வருஷமும் உப்பளத்தில் யார் கேட்டாலும் மாமியார் அதைத்தான் சொன்னார். "துபாய்னா இன்னா பெரிய தூரம்? ரெண்டர மணி நேரம். நம்ம ஊர்லேர்ந்து மெட்ராசுக்கு பஸ்ல போவறதவிட சீக்கிரம் போயிடலாம்." பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நினைப்பதில் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. நானும் அதையே நம்பினேன். பத்தாவது வரை படித்தவள்தான் நான். பூமி உருண்டை, ஒரு பக்கம் பகல், ஒரு பக்கம் இரவு என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அதற்கும் என் புருஷன் போன விமானத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று எந்த டீச்சரும் சொல்லித்தரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பங்குனிக் கடைசியில், லீவு கிடைத்து அவர் வந்தார். போன் செய்து, "ராத்திரி பத்து மணிக்கு ஃப்ளைட்டு ஏர்றேன், யாரும் ஏர்போர்ட்டுக்கு வராதீங்க, திண்டிவனத்துக்காரர் ஒருத்தர் கூட வர்றாரு, ரெண்டு பேருமா டாக்ஸி புடிச்சி வந்துடறோம்" என்றார். மாமியார் கணக்குப் போட்டார். பத்துடன் இரண்டரை சேர்த்தால் பன்னிரண்டரை. பெட்டி எடுக்க ஒரு மணி நேரம், டாக்ஸியில் இரண்டரை மணி நேரம். விடியற்காலை நான்கு மணிக்கு, விடிவெள்ளி முளைக்கும்போது, பிள்ளை வாசலில் இருப்பான்.

அவருடைய கணக்கு பெரும்பாலும் தப்பாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் ஒரு கடிகாரம் இருந்தது, அதை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. வெள்ளி பார்த்து உப்பளத்துக்குப் போவார், பாத்தி வரப்பில் நிழல் விழுவதைப் பார்த்து மணி சொல்வார், ரேடியோவும் அதையே சொல்லும். அப்படிப்பட்டவர் நான்கு மணி என்று சொன்னால் எங்கள் தெருவில் அது நான்கு மணிதான். வெந்நீர் போட்டு, கோலம் போட்டு, ஆரத்தித் தட்டைக் கரைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெந்நீர் ஆறியது. மறுபடியும் சுட வைத்தோம். சூரியன் கிளம்பி உப்பளத்தில் ஆட்கள் பாதி வேலையை முடித்த பிறகு, எட்டு மணிக்கு டாக்ஸி வந்து நின்றது.

வந்தவுடன் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆரத்தி எடுத்தார்கள், அழுதார்கள், உள்ளே கூட்டிப் போனார்கள். அட்டைப்பெட்டியை நடுவீட்டில் வைத்தார்கள். எங்கள் பக்கம் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியைத் தாய்தான் முதலில் பிரிக்க வேண்டும். சாமி படத்துக்குச் சூடம் காட்டி, பெட்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி, தாய் கையால் கயிற்றை அவிழ்த்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். மாமியார் குனிந்து கயிற்றைப் பார்த்தார். அப்படியே நிமிர்ந்துவிட்டார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப் நீளமாக அறுபட்டிருந்தது. அதன் மேல் வேறு ஒரு கயிறு, அவசரமாகக் கட்டியது.

"இத யார்டா பிரிச்சது?"

"ஏர்போர்ட்ல பிரிச்சி பாத்தாங்கம்மா. செக்கிங்."

அது உண்மை. ஆனால் பெட்டியில் இரண்டு கம்பளி இருக்கும் என்று போனில் சொல்லியிருந்தார், ஒன்றுதான் இருந்தது. எடை கூடிப்போனதால் ஒன்றை ரூமிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்றார். அதுவும் உண்மை. மூன்றாவதாக, "எந்த வழியா வந்தே?" என்று கேட்டார் மாமியார். திண்டிவனத்துக்காரரை இறக்கிவிட்டு மரக்காணம் ரோட்டில் வந்ததாகச் சொன்னார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் அந்த ரோட்டில்தான் பிரம்மதேசம் இருக்கிறது. பிரம்மதேசம் என் தாய்வீடு.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெட்டி முதலில் எங்கே போயிருக்கிறது, யார் கை முதலில் பட்டிருக்கிறது, ஒரு கம்பளி எங்கே நின்றுவிட்டது என்று அந்த ஒரு பார்வையிலேயே எனக்குப் புரிந்தது.

"நாலு மணிக்கு வர வேண்டியவன் எட்டு மணிக்கு வர்ற. நடுவுல நாலு மணி நேரம் எங்கடா போனே?"

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அங்கே மணி வேறு, இங்கே மணி வேறு, நம்மைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும், அதனால் போகும்போது குறைவாகத் தெரியும், வரும்போது அதிகமாகத் தெரியும். இரண்டு வருஷமாக அந்த ஊர் மணியில் எழுந்து, அந்த ஊர் மணியில் வேலைக்குப் போய், இந்த ஊர் மணி பார்த்து வீட்டுக்கு போன் செய்தவர். அவருக்குத் தெரியாததா? அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஃப்ளைட்டு லேட்டும்மா" என்றார். களைப்பாக இருந்தாராம், விளக்கம் சொல்ல முடியவில்லையாம்.

அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. திண்டிவனத்துக்காரர் மரியாதைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். காபி குடித்துக்கொண்டே, "டயம்னா டயம், ஒரு நிமிஷம் லேட் இல்லீங்க, கரெக்டா எறங்கிடுச்சி" என்று விமானத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார். மாமியார் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தப்பே செய்யாதவர் திருடனைப் போலத் தலை குனிந்தால், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

அன்று எங்கள் அறையில் நான் கேட்டேன். அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டே மணி விஷயத்தை எனக்குச் சொன்னார். போக நான்கு மணி நேரம், வரவும் நான்கு மணி நேரம், இங்கே வந்து இறங்கும்போதே விடியற்காலை மூன்றரை, செக்கிங்கும் திண்டிவனம் சுற்றி வந்ததும் சேர்ந்து எட்டாகிவிட்டது. எனக்குக் கேட்கக் கேட்க ரத்தம் கொதித்தது.

"இத உங்க அம்மாகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"அவங்களுக்கு புரியாதுடி. சொன்னா, பொண்டாட்டிக்கு பரிஞ்சிகினு புதுசா கத கட்றான்னுவாங்க. விடு. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

மறக்கவில்லை. உப்பளத்தில் பேச்சாகி, தெருவில் பேச்சாகி, மாமியாரின் தம்பி காதுக்குப் போனது. அவர் தெருவுக்குப் பெரிய மனுஷர், எது நடந்தாலும் முன்னால் நிற்பவர். வந்து உட்கார்ந்தார். கம்பளிக்காக இல்லை, முறைக்காகக் கேட்கிறோம் என்றார். தாய் பிரிக்க வேண்டிய பெட்டியைச் சம்பந்தி வீட்டில் பிரித்திருந்தால் அது இந்த வீட்டுக்கே அவமானம் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பெண்ணின் அப்பா வந்து, மாரியம்மன் கோயில் வாசலில், என் வீட்டுக்குப் பெட்டி வரவில்லை என்று சூடம் அணைத்துவிட்டால் போதும், அதோடு பேச்சை விட்டுவிடலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நான் உள்ளேயிருந்து வெளியே வந்தேன். அந்த வீட்டில் நான் ஆம்பளைகள் நடுவில் வந்து பேசியது அன்றைக்குத்தான். "எங்கப்பாவுக்கு எதுக்குங்க கம்பளி? பங்குனி வெயில்ல போத்திகினு படுக்கவா?" என்று கேட்டேன். "மணி அங்க வேற, இங்க வேற. அவரையே கேளுங்க" என்றேன். மாமியார் ஒரு சிரிப்புச் சிரித்தார். "மணி எப்படிடி வேற வேறயா இருக்கும்? எல்லாருக்கும் ஒரே சூரியன்தான?" என்றார். எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர், "இருக்கும் மாமா, கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்" என்று முனகினார். இவள் சொல்லிக் கொடுத்து அவன் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மாமியாரின் தம்பி உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு பிரம்மதேசத்துக்குப் போனார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவை வரச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. மதியம் போனவர் வெயில் தாழ்வதற்குள் திரும்பி வந்து, "வர்றேன்னுட்டாரு" என்று சொன்னார்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மல்லாட்டையும் நெல்லும் பயிர் செய்கிற ஆள். பெண்ணைக் கொடுத்த வீட்டில், பேரப்பிள்ளை பிறக்கும் வரை கை நனைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். என்னைப் பார்க்க வந்தால் வாசலில் நின்று பேசிவிட்டு, ரோட்டோரக் கடையில் டீ குடித்துவிட்டுப் போவார். தண்ணீர் கொடுத்தால்கூட, "இப்பதாம்மா குடிச்சேன்" என்பார். அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனுஷர், அந்த வீட்டுப் பெட்டியைப் பிரித்துக் கம்பளியை எடுத்துக்கொண்டார் என்று சந்தேகப்பட்டுச் சத்தியம் கேட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் மாமியாரிடம் போய் நின்றேன். "அத்தை, நாளைக்கு எங்கப்பா சத்தியம் பண்ணட்டும். அதுக்கு முன்னாடி நீங்க துபாய்க்கு ஒரு போன் பேசுங்க. உங்க புள்ளையோட ரூம்ல தங்கியிருக்கறவர் இருப்பாரு. சூரியன் எங்க இருக்குதுன்னு அவர கேளுங்க. மணி கேக்க வேணாம்."

அவர் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "எவன்கிட்ட வேணாலும் பேசறேன், எனக்கின்னா பயமா?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரரிடம் நம்பரை வாங்கிக்கொண்டேன். அவர் கூட வரவில்லை.

கூனிமேட்டில் ஒரு பாய், மளிகைக் கடையோடு போன் பூத்தும் வைத்திருந்தார். அந்த ஊரில் பாதி வீட்டு ஆம்பளைகள் அரபு நாட்டில் இருந்தார்கள். அவர் கடைச் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார். ஒன்று இந்த ஊருக்கு, ஒன்று துபாய்க்கு. புருஷன் வேலை முடித்து ரூமுக்கு வந்திருப்பானா என்று பார்த்துவிட்டுத்தான் பெண்கள் போனை எடுப்பார்கள். எங்கள் தெருவுக்கும் அந்தக் கடைக்கும் ஒரு நடை தூரம். அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு எங்கள் தெருவில் சூடம் ஏற்றப் போகிறார்கள்.

மாமியார் கடிகாரங்களைப் பார்த்தார். "அது நின்னுபோனது" என்று இரண்டாவதைக் காட்டிச் சொன்னார். பாய் சிரித்துக்கொண்டே, "இல்லம்மா, அது ஓடுது" என்றார். நான் நம்பரைப் போட்டு போனை மாமியார் கையில் கொடுத்தேன். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. கடையில் டியூப்லைட் எரிந்தது.

"யாரு, தம்பியா? நான் அவன் அம்மா பேசறேன். இல்ல, ஒண்ணுமில்ல, நல்லாக்கீறான். ஒண்ணு கேக்கணும். அங்க பொழுது சாஞ்சிடுச்சா?"

அந்தப் பையன் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. அவன் பேசுவது எனக்கும் கேட்டது. "பொழுதா? இன்னும் வெயிலே போவலம்மா. ஜன்னல்ல சுள்ளுனு அடிக்குது."

"கதவ தொறந்து பாத்து சொல்லு."

அவன் கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். "ஆமாம்மா. சூரியன் நல்லா மேலதான் இருக்குது."

மாமியார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கடைக்கு வெளியே போய் ரோட்டில் நின்று வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் இருந்தது. பாய் உள்ளேயிருந்து சொன்னார். "நான் இங்க பொழுது சாஞ்சி மஃரிப் தொழுதுட்டே வந்துட்டேம்மா. அங்க என் மவனுக்கு மஃரிப்புக்கு இன்னும் நேரம் கிடக்குது. அல்லாஹ் போட்ட கணக்கு, ஊருக்கு ஊரு சூரியன் முன்ன பின்ன."

அவருக்குப் புரிந்துவிட்டது. கடிகாரம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார், சூரியன் சொன்னதால் நம்பினார். இனி ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைத்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம், சரி வா என்று ஒரு சொல் போதும் எனக்கு.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என் புள்ள ரெண்டர மணி நேர தூரத்துல இல்லயா?" என்றார். நான்கு மணி நேரம் என்று நான் சொன்னேன். வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நாலு மணி நேர தூரத்தில் இருந்திருக்கிறானே, நாம் படுத்த பிறகும் அவன் விழித்துக்கொண்டு இருந்திருக்கிறானே என்று. பிள்ளை பக்கத்தில் இருக்கிறான் என்று இரண்டு வருஷம் நம்பியது உடைந்துபோனதில் அவருக்குத் துக்கம். எனக்கும் ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் அப்பா பெயர் அந்த வழியெல்லாம் அவர் வாயில் ஒரு தரம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "அப்ப சத்தியமெல்லாம் வேணாம், விட்டுடலாம்" என்று அவர் பெரிய மனசு காட்டினார். நான் என் வீட்டுக்காரரிடம் போனேன்.

"இப்பவே பிரம்மதேசம் போயி அப்பாவ வர வேணாம்னு சொல்லிட்டு வாங்க."

"இந்த இருட்லயா? காலைல மொத வேலையா போறேன்."

"அப்பா மொத பஸ்ஸுக்கே கிளம்பிடுவாரு."

"அதுக்கு முன்னாடியே போயிடுவேன். மாமா வண்டிய கேட்டு வெச்சிட்டேன்."

அப்பா ஊரில் போன் இருந்தது பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துக் கடையில். அந்த நேரத்துக்கு அது பூட்டியிருக்கும். பஸ்ஸும் போய்விட்டது. அவரை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

விடிந்தது. எழுப்பினேன். புரண்டு படுத்தார். மறுபடியும் எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே, "இப்ப அங்க மணி நாலரதான் ஆவுது. உடம்பு இன்னும் அந்த மணியையே புடிச்சிகினு இருக்குது. கொஞ்ச நேரம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. ஊரே கூடிக் கேட்டபோது வராத மணி வித்தியாசம், தூங்குவதற்கு மட்டும் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டியதை இத்தனை தூரம் இழுத்துவிட்டு, அதே வாக்கியத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் புடவையை மாற்றிக்கொண்டு நானே ரோட்டுக்கு ஓடினேன்.

அப்பா ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். துண்டின் முனையில் எதையோ முடிந்து வைத்திருந்தார். டீ குடிக்கவில்லை. சத்தியம் முடிகிற வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று இருந்திருக்கிறார்.

"அப்பா, எல்லாம் தெரிஞ்சிபோச்சிப்பா. சத்தியம் வேணாம். நீங்க கிளம்புங்க."

"யாரு சொன்னாங்க வேணாம்னு?"

"நான்தாம்பா சொல்றேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொன்னா போதுமாம்மா? வரச் சொன்னவங்க இல்ல சொல்லணும்" என்று எழுந்து நடந்தார்.

கோயில் வாசலில் மாமியாரின் தம்பி நின்றிருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். மாமியார் உப்பளத்துக்குப் போகாமல் வந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எல்லாருக்கும் சங்கடம். "அட, வாங்க சம்பந்தி, வாங்க. வீட்டுக்கு வாங்க, காபி சாப்புடலாம்" என்றார் மாமியாரின் தம்பி. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏதோ மணி கணக்குல கொழப்பம்" என்றார். மாமியார், "அங்க சூரியன் லேட்டா எறங்குதாம் சம்பந்தி" என்று, ஏதோ புது செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். அவர்கள் வேறு ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. நீங்கள் எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, உங்களை வரச் சொன்னது எங்கள் தப்பு என்று ஒரு ஆளாவது சொல்லியிருக்கலாம். காபி சாப்பிடலாம் வாங்க என்பதற்கு மேல் யார் வாயும் திறக்கவில்லை.

"எனக்கு யாரும் வந்து சொல்லலீங்களே" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "வரச் சொல்லத்தான் வந்தாங்க."

துண்டு முனையை அவிழ்த்தார். மரக்காணத்தில் பஸ் மாறும்போது வாங்கிய சூடம். எங்கள் தெருவில் சத்தியச் சூடத்தை வெறும் தரையில் வைப்பதில்லை, ஒரு பிடி உப்பைக் கொட்டி அதன் மேல்தான் வைப்பார்கள். அது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அல்லது யாரிடமோ கேட்டு வந்திருந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலம் உப்பையும் எடுத்துக் கொட்டினார். யாரோ "வேணாங்க" என்றார்கள். கிட்டே வந்து தடுக்க ஒருவரும் வரவில்லை. அப்பா சூடத்தை ஏற்றி, "என் வீட்டுக்கு எந்தப் பெட்டியும் வரல. என் மவளும் எதுவும் குடுக்கல" என்று சொல்லி, உள்ளங்கையை எரிகிற சூடத்தின் மேல் வைத்து அழுத்தினார். கையை எடுத்தபோது உப்பும் கரியும் ஒட்டியிருந்தன. துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரையும் பார்த்து, "வரேங்க" என்று கும்பிட்டுவிட்டு நடந்தார்.

நான் அவர் பின்னாலேயே போனேன். வீட்டுக்குள் போய்த் துணிகூட எடுக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினோம். அப்போதுதான் என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். தூக்கம் முகத்திலேயே இருந்தது. ஜன்னல் பக்கம் வந்து, "எப்ப திரும்பி வருவ?" என்று கேட்டார்.

"எந்த ஊர் மணிக்கு சொல்லட்டும்?" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

அன்று முதல் மாமியார் உப்பளத்தில் எல்லாருக்கும் துபாய் நான்கு மணி நேரம் என்று திருத்திச் சொன்னாராம். சூரியன் ஊருக்கு ஊர் எப்படி முன்னே பின்னே வருகிறது என்று பாத்தி வரப்பில் நின்று விளக்கம்கூடச் சொன்னாராம். அந்தத் தெருவில் இன்றைக்கும் எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் அப்பா பஸ் மாறி, காத்திருந்து, ஒரு மணி நேரத்தில் வந்த தூரம் பிரம்மதேசம். வண்டியில் அதுகூட ஆகாது. அந்தத் தூரத்தை யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

மூவாயிரம் கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்து வந்தவர், என்னைக் கூப்பிடப் பிரம்மதேசம் வந்து சேர லீவில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். அப்பா வெளியே வந்தார். உள்ளங்கையில் புண் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. அந்தக் கையாலேயே நாற்காலியை எடுத்துப் போட்டு, "சாப்டீங்களா மாப்ள?" என்று கேட்டார்.

எனக்கு அதற்கும் கோபம் வந்தது.